எந்த உயிர் எங்கே வசிக்கும்

மலையடிவார ஆஸ்பத்திரி
21 ஜூன் 1936

அன்புள்ள அத்தானுக்கு, அலமு எழுதுவது.

வந்து சேர்ந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. ஜன்னலோரப் படுக்கைதான் கொடுத்திருக்கிறார்கள். நடக்கக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது, அதிகம் சிரிக்கவும் கூடாதாம். சிரிக்க இங்கே என்ன இருக்கிறது? பால், முட்டை, காய்ச்சல் குச்சி, மறுபடி பால். பக்கத்துப் படுக்கை அம்மணி என்கிற பெண் சேலத்துக்காரி. இரண்டு பேரும் சைகையிலேயே பேசிக்கொள்கிறோம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. என் க்ஷய நோயைக் காரணம் சொல்லி சாந்தாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்துவிட்டார்கள் என்று படித்ததும் வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஏழு வயதுப் பெண் என்ன பாவம் செய்தாள்? கல்யாணத்துக்கு முன்னால் ஆற்காட்டில் மூன்று வருஷம் பாலர் வகுப்பு எடுத்தவள் நான். ஊரார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு என் பிள்ளைகளைச் சும்மா உட்கார வைப்பதா?

ஆகையால் நான் பாடம் எழுதி அனுப்புகிறேன், நீங்கள் நடத்துங்கள். எழுத்தும் கணக்கும் சாயங்காலம் அரை மணி போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் பாடம். எந்த உயிர் எங்கே வசிக்கிறது, ஏன் அங்கே வசிக்கிறது என்பதுதான் அது. நாலு வயது துரைக்கும் புரியும். முதல் பாடத்துக்கு வீட்டை விட்டு வெளியே போகவேண்டாம். நம் ரயில்வே குவார்ட்டர்ஸில் நம்மோடு யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தேடச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று, எதையும் பிடித்துக் கொண்டுவரக்கூடாது. அது இருக்கிற இடத்துக்குப் பிள்ளைகள் போய்ப் பார்க்கவேண்டும்.

லூர்துமேரி அக்கா பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்கிறாளே, அவளுக்கு என் நமஸ்காரம் சொல்லுங்கள். துரைக்கு வயிற்றில் பூச்சி இருக்கிறது, வெல்லம் கொடுக்கவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அலமு


லாலாகுடா, செகந்திராபாத்
12 ஜூலை 1936

என் அலமுவுக்கு, வேதாசலம் எழுதியது.

பிள்ளைகள் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியில் எழுது. கடைசி வரை தேடவைக்காதே.

இரும்பைக் கடைகிற எனக்கு வாத்தியார் வேலை கொடுத்துவிட்டாய். போன ஞாயிற்றுக்கிழமை முதல் பாடம் நடந்தது. நம் கல்யாணப் படத்துக்குப் பின்னால் பல்லி இரண்டு. விளக்கு மாட்டும் வளையத்தில் சிட்டுக்குருவிக் கூடு. புளிப்பானைக்கு அடியில் எறும்பு. சாந்தா ஒவ்வொன்றாக எண்ணி சிலேட்டில் எழுதினாள். "பல்லி ஏம்ப்பா படத்துக்குப் பின்னாலயே இருக்கு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "விளக்குக்குப் பூச்சி வரும், அதுக்குப் பக்கத்துலேயே வீடு பார்த்துக்கிச்சு. எனக்கு ஒர்க்ஷாப் பக்கத்துல குவார்ட்டர்ஸ் கொடுத்த மாதிரி" என்றேன். சரியா?

துரை குளிக்கிற இடத்தில் ஒரு தேரையைக் கண்டுபிடித்துவிட்டு, "நக்கோ, நக்கோ, யாரும் உள்ளே வராதீங்க, அது குளிக்குது" என்று கதவைச் சாத்திக்கொண்டான். எதிர்வீட்டு ஜுலைகாவின் உருதுப் பேச்செல்லாம் அவனுக்கு வந்துவிட்டது, வேண்டாம் என்பதற்கு நக்கோதான். அவன் அந்தத் தேரையைப் பிடித்து என் டிபன் டப்பாவில் போட்டு மூடிவைத்ததை மட்டும் நான் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை ஒர்க்ஷாப்பில் திறந்தபோது என் பக்கத்து மிஷின்காரர் ஜேம்ஸ் மேஜை மேல் ஏறிவிட்டார். நீ சொன்னதைக் கேட்காததற்குத் தண்டனை.

குழாயடியில் கொஞ்சம் தொந்தரவு. அதை எழுதி உன்னை வருத்தப்படுத்தவேண்டாம். அடுத்த பாடம் அனுப்பு.

வேதாசலம்


மலையடிவார ஆஸ்பத்திரி
18 அக்டோபர் 1936

அன்புள்ள அத்தானுக்கு,

உடம்பு பரவாயில்லை. முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

இரண்டு மாதம் உங்களுக்கு ஒரு வரி எழுத முடியவில்லை. காய்ச்சல் இறங்கவே இல்லை. போன மாதம் நீங்கள் வந்து இரண்டு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று நர்ஸ் சொன்னாள். எனக்கு ஒன்றும் நினைவில்லை. உங்களிடம் என்ன பேசினேன்? பிழைக்கமாட்டேன் என்று டாக்டர் உங்களிடம் சொன்னாராமே. அவரே இப்போது என் காய்ச்சல் கணக்குத் தாளைக் காட்டிச் சிரிக்கிறார். அம்மணிதான் போய்விட்டாள். அவள் படுக்கை காலியாக இருக்கிறது. சைகை காட்ட ஆளில்லை.

பாடம் விட்டுப்போய்விட்டது. மழை முடிந்திருக்கும், இப்போது உப்பல் ஏரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். கரையில் இருக்கிற ஈச்சமரங்களில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தண்ணீருக்கு மேலே தொங்கும். ஏன் தண்ணீருக்கு மேலே தொங்கவேண்டும் என்று கேளுங்கள், பதிலைச் சொல்லாதீர்கள். பாம்பு ஏறிவர முடியாது என்று சாந்தாவே கண்டுபிடிப்பாள். நத்தையைத் தொட்டுப் பார்க்கலாம். அது உள்ளே இழுத்துக்கொண்டால் மறுபடி வெளியே வரும்வரை பொறுமையாக உட்காரவேண்டும்.

எனக்கு ஒரு குறை உண்டு. சாந்தாவுக்கு நன்றாக எழுத வருகிறது என்கிறீர்கள். உங்கள் கடிதத்தின் அடியில் 'அம்மா' என்று ஒரு வார்த்தை எழுதச் சொல்லக்கூடாதா? இந்த ஜன்னல் வழியே ஒரு புங்கமரமும் கொஞ்சம் வானமும்தான் தெரிகிறது.

உங்கள் அலமு


லாலாகுடா, செகந்திராபாத்
22 நவம்பர் 1936

அலமுவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஒர்க்ஷாப் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடவுள் இருக்கிறார்.

ஏரிக்குப் போய் வந்தோம். நீ சொன்னபடி சாந்தாவே கண்டுபிடித்தாள். நத்தைக்காக துரை அரை மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். "வெளிய வா, நான்தான்" என்று அதனிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். இந்த ஞாயிறு மௌலாலிப் பாறைகளுக்குப் போனோம். பாறை இடுக்கில் ஆந்தை ஒன்று பகலிலே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. மேலே பருந்துகள். எல்லாவற்றையும் சாந்தா படம் போட்டு வைத்திருக்கிறாள்.

சாந்தாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு மாதமாகப் போகிறாள். எப்படியோ ஒருவழியாக நடந்தது. அவள் கடிதம் எழுதாததைப் பெரிதாக நினைக்காதே. பிள்ளைகளின் கைக்குக் காகிதம் கிடைத்தால் கிழித்துவிடுகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். அவசரப்படாதே.

வேதாசலம்


மலையடிவார ஆஸ்பத்திரி
7 பிப்ரவரி 1937

அன்புள்ள அத்தானுக்கு,

நல்ல செய்தி. நேற்று டாக்டர் என் படுக்கையில் உட்கார்ந்து சொன்னார். மூன்று மாதமாகச் சளியில் கிருமி இல்லை, மார்ச்சு கடைசியில் வீட்டுக்குப் போகலாம். இரண்டு வருஷம் தனித் தட்டு, தனிப் படுக்கை, கனமான வேலை கூடாது. பிள்ளைகளோடு இருக்கலாம், பேசலாம், தலை வாரிவிடலாம். நானே இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். காகிதமும் எழுதிக் கொடுக்கிறார்.

நேற்று முழுக்கத் தாழ்வாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். பின்கட்டு அறையை எனக்கு ஒழித்து வையுங்கள். ஜன்னலில் சாக்குத் தொங்கவிட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், வெயில் வரவேண்டும். துரைக்கு ஐந்து வயது ஆகிவிட்டது. என் முகம் நினைவிருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். சாந்தாவிடம் சொன்னீர்களா? குதித்தாளா? அவளிடம் எப்படிச் சொன்னீர்கள், அவள் என்ன சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல் எனக்கு வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்கக்கூடாது. இத்தனை மாதத்தில் உங்கள் கடிதம் ஒன்றில்கூடப் பிள்ளைகள் என்னைப் பற்றிக் கேட்டதாக இல்லை. நான் மறுபடி மறுபடி எடுத்துப் படித்துப் பார்த்தேன். ஏன்?

உங்கள் அலமு


லாலாகுடா, செகந்திராபாத்
21 பிப்ரவரி 1937

அலமுவுக்கு,

பத்து நாளாக எழுதிக் கிழித்த கடிதம் இது.

உன்னை இங்கே செத்துப்போனதாகச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பரில் உன்னைப் பார்க்க வந்தபோது நீ என் முகத்தைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டாய். டாக்டர் பத்து நாள்கூடத் தாங்காது என்றார். லீவு முடிந்து ரயிலேறினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சாந்தா காலிக் குடத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். மூன்று மாதமாகக் குழாயடியில் அவளைக் குடம் வைக்க விடவில்லை. எல்லோரும் பிடித்து முடித்த பிறகுதான் அவள் பிடிக்கவேண்டும். அதற்குள் தண்ணீர் நின்றுவிடும். துரையை எந்த வீட்டு வாசலிலும் சேர்க்கவில்லை. ஜுலைகாவும் லூர்துமேரி அக்காவும் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெரிய வாத்தியார், "உங்க சம்சாரம் திரும்பி வீட்டுக்கு வருவாங்களா?" என்று கேட்டார். "வரமாட்டா, போயிட்டா" என்றேன். வாயில் வந்துவிட்டது. அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் குவார்ட்டர்ஸ் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. குழாயடியில் சாந்தாவுக்கு முதலில் வழி விட்டார்கள். லூர்துமேரி அக்கா ஞாயிறு தவறாமல் உனக்காகக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள்.

எப்படியும் தந்தி வந்துவிடும் என்று இருந்தேன். சொன்ன பொய் உண்மையாகிவிடும் என்று காத்திருந்தேன், அலமு. இதை உன்னிடம் மறைக்கமாட்டேன். உன் அக்டோபர்க் கடிதம் வந்தபோது அழுதேன். அந்த அழுகையில் பயமும் இருந்தது.

அதற்குப் பிறகு நீ அனுப்பிய பாடங்களை நான் என் கையால் வேறு தாளில் எழுதி, என் பாடமாக நடத்தினேன்.

துரை ஒருநாள் மௌலாலிப் பாறை மேல் உட்கார்ந்து கேட்டான். "மீனு தண்ணியில இருக்கும். ஆந்தை இடுக்குல இருக்கும். அம்மா எங்கப்பா இருப்பாங்க?" நான் மேலே கையைக் காட்டினேன். அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அங்க பருந்துதான் இருக்கு" என்றான். அதற்கு மேல் கேட்கவில்லை. இதுவரை கேட்கவில்லை.

நீ வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வா என்று எழுதவும் கை வரவில்லை. இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? சாந்தாவைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்னவோ. நீ என்ன சொல்கிறாயோ அப்படியே செய்கிறேன்.

வேதாசலம்


மலையடிவார ஆஸ்பத்திரி
27 மார்ச்சு 1937

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல் திரும்பிவிட்டதோ என்று நர்ஸ் பயந்துபோனாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இங்கே வேலை பார்க்கிறவர்களின் குழந்தைகள் பதினான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு இங்கேயே இருந்துவிடு, சாப்பாடும் அறையும் தருகிறோம் என்று பெரிய நர்ஸம்மா கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட இருந்தேன். லாலாகுடாவில் செத்தவள் இங்கே பிழைத்துக் கிடக்கலாம், என் பெண்ணுக்குத் தண்ணீரும் பள்ளிக்கூடமும் கிடைக்கும், எல்லோருக்கும் சௌகரியம் என்று நினைத்தேன். உங்களுக்கு அப்படி ஒரு கடிதமும் எழுதி உறையில் போட்டேன்.

போன வாரம் அந்தக் குழந்தைகளை உட்காரவைத்து ஒருநாள் பாடம் நடத்திப் பார்த்தேன். நத்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்திவிட்டேன். அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தது என் பிள்ளை. நான் அதைப் பார்க்கவில்லை. உறையை அடுப்பில் போட்டுவிட்டேன்.

என் பெண் காலிக் குடத்தோடு உட்கார்ந்திருந்தாள் என்று படிக்கும்போது உங்கள் மேல் கோபம் வரவில்லை. நான் இறந்துவிடுவேன் என்று நீங்கள் நம்பியதற்கும் கோபமில்லை, டாக்டரே நம்பினார். அக்டோபரில் என் கடிதம் கையில் இருந்தது. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அதற்கப்புறம் நாலு மாதம் நான் எழுதியதை உங்கள் எழுத்தாக என் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டினீர்கள். இதை நான் மறப்பேனா என்று இப்போது தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதமாட்டேன்.

ஏப்ரல் நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் செகந்திராபாத்தில் இறங்குகிறேன். டாக்டர் கொடுத்த காகிதம் என்னிடம் இருக்கிறது. திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு நானே பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். குழாயடிக்கும் நானே போகிறேன். என்னைப் பார்த்துக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் ஓடட்டும்.

நான் வருவதற்கு முன்னால் பிள்ளைகளிடம் நீங்கள் சொல்லவேண்டும். முதலில் சாந்தாவுக்கு, தனியாக. சாமி அம்மாவைத் திருப்பிக் கொடுத்தது என்று கதை சொல்லக்கூடாது. அம்மா ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தாள், அப்பா பொய் சொன்னேன் என்று சொல்லுங்கள். அவள் அழுவாள், உங்களை அடித்தாலும் அடிப்பாள். வாங்கிக்கொள்ளுங்கள். துரை என்னைப் பார்த்துப் பயந்தால் அவனை என்னிடம் தள்ளிவிடாதீர்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன். அவனாக வரட்டும்.

இதைச் சொல்ல உங்களுக்கு வாய் வந்தால் ஸ்டேஷனுக்கு வாருங்கள், என் பெட்டி கனமாக இருக்கிறது. வராவிட்டால் நான் இரைக்க இரைக்க நின்று நின்று நடந்தாவது லாலாகுடாவுக்கு வந்துவிடுவேன். வந்து நானே சொல்கிறேன்.

அலமேலு