டொக்டருக்குச் சொன்ன ஓம்

லண்டனிலிருந்து வந்த கடித உறைக்குள் ஒரு பத்திரிகைத் துண்டு. உங்கள் மரணச் செய்தி. இருபது வருடம் மேடையேறிய மனிதருக்கு நான்கே வரி. எப்போதும் சிரித்த முகமாம், அருமையான மேளக்காரராம். நடிகர் என்று எழுத மட்டும் மை போதவில்லையாக்கும்.

சிட்னிக்கு உங்களை அழைத்தவர்களும் அதே ரகம்தான். கானாவில் பிறந்து, லண்டனில் நடிப்புப் படித்து, அரசர்களின் வசனங்களைப் பக்கம் பக்கமாக மனதில் வைத்திருந்த உங்கள் கையில் ஈட்டியைக் கொடுத்து இரண்டு அங்கம் நிற்க வைத்தார்கள். பிறகு உங்கள் மேளத்தையும் எடுக்கச் சொல்லி, "இன்னும் கொஞ்சம் காட்டுத்தனமாக அடியுங்கள்" என்றான் இயக்குநர். மேளத்தை வாழ்நாளில் தொட்டிராத மேதை! அந்த அரங்கில் விளக்குப் போடுகிறவன் நான். மேலிருந்து பார்த்தால் அவனிடத்தில் பிரகாசமாக இருந்தது வழுக்கை ஒன்றுதான்.

ஒத்திகை இடைவேளைகளில் எங்களுக்குக் கதை சொல்வீர்கள். நடுவில் மேளத்தைத் தட்டி, "இருக்கிறீர்களா?" என்பீர்கள். பதில் வராவிட்டால் கதை நகராது, அது உங்கள் வழக்கம். மற்றவர்கள் ஆங்கிலத்தில் கத்துவார்கள். நான் எங்கள் ஊர்த் தமிழில் ஆமென்பதற்கு "ஓம்" என்பேன். "சின்னச் சொல், ஆனால் மேளத்தோடு சேருகிறது" என்று சிரிப்பீர்கள்.

அந்தப் பெருமையில்தான் சிட்னியின் பென்டில் ஹில்லில் என் வீட்டு விருந்துக்கு அழைத்தேன். ஊரில் பறை அடிப்பவரைப் படலைக்கு வெளியே நிறுத்திய எங்கள் பெரிய மனிதர்கள், வெள்ளைக்காரன் தங்களை மதிப்பதில்லை என்று புலம்பியபடி கதிரை நிறைய அமர்ந்திருந்தார்கள். நீங்கள் ஆமையின் கதையைத் தொடங்கினீர்கள். ஆமை ஆற்றங்கரைக்கு வந்ததும் மேளத்தைத் தட்டி, "இருக்கிறீர்களா?" என்றீர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவரான டொக்டர் என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, உந்தப் பறையடிப்பை நிப்பாட்டச் சொல்லும். சோறு ஆறுது."

என் தமையனின் விசாவுக்கு அவருடைய கடிதம் வேண்டியிருந்தது.

"ஓம் டொக்டர்" என்றேன்.

பிறகு உங்களிடம் திரும்பி, அவருக்கு மேளம் மிகவும் பிடித்திருக்கிறதாம் என்றேன்.

நீங்கள் மேளத்தை உறைக்குள் போட்டீர்கள். "லண்டன் பத்திரிகைக்காரர்கள் உன்னைவிட நன்றாகப் பொய் சொல்வார்கள்" என்றீர்கள். "உங்கள் மொழியில் எனக்குத் தெரிந்தது ஒரேயொரு சொல். அதை நீ அவருக்குச் சொல்லிவிட்டாய்."

அந்த நாலுவரிக்காரனைப் பழிக்க எனக்கு என்ன யோக்கியதை? அவன் உங்களைப் பார்த்ததே இல்லை. நான் உங்கள் பக்கத்தில் இருந்தேன். தமையனும் வந்துவிட்டான், டொக்டரும் தீபாவளிக்குத் தீபாவளி வந்து சாப்பிட்டுப் போகிறார், நானும் பரிமாறுகிறேன்.

ஆமை மட்டும் இன்னும் அக்கரை போகவில்லை. அதற்கு என்னிடம் ஒரு சொல்தான் கேட்டீர்கள்.