வளைவில் பின்னால் போகும் கை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், பேக்கரி அடுப்பு மூவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன், நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தால்தான் நம்பிக்கை கொஞ்சம் குறைகிறது.

லைசென்ஸ் கிடைத்துவிட்டது. இதை எழுதாமல் வேறெதையும் எழுத எனக்குக் கை ஓடவில்லை. மூன்றாவது முறை தோற்றபோது நீ போனில், "போதும்மா, விட்டுடு, இந்த வயசுல எதுக்கு இந்தப் பாடு" என்றாய். நான் வெடுக்கென்று போனை வைத்தது உன்மேல் கோபத்தால் இல்லை, நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பார்வையின் ஓரங்கள் மங்கிவிட்டன, இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே அவர் வேன் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார், மல்லுக்கே நிற்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு வர ஒத்துக்கொண்ட இரண்டு டிரைவர்களும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிகளுக்கும் ரொட்டி போகாவிட்டால் கடையை மூடவேண்டியதுதான், அதனால்தான் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

பிடித்தேன் என்று சொல்வதே பாதிப் பொய். இருபத்தாறு வருடம் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி திரும்பும்போதெல்லாம் பின்னால் கை நீட்டி ரொட்டித் தட்டுகள் சரியாமல் பிடித்தவள் நான். இப்போது நானே ஓட்டினாலும், திருப்பம் வந்தால் ஒரு கை தானாக ஸ்டியரிங்கை விட்டுப் பின்னால் போய்விடுகிறது. மூன்று தடவையும் அதனால்தான் தோற்றேன். தேர்வு அதிகாரி, "பின்னாடி யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டேவிட்டார். வீட்டுக்கு வந்து, வெளி ஆர்டர்களை விட்டுவிடலாம், கடையில் விற்பது விற்கட்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர், "விடுறதுன்னா விடலாம். எனக்கு ஓரம் தெரியல, விட்டேன். உனக்கு என்ன தெரியல, சொல்லு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று மாவு பிசைய மிஷின் தேவைப்படவில்லை.

மறுநாள் அவரையே வேனின் பின்பக்கம் தட்டுகளோடு உட்காரவைத்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் "புடிச்சிட்டேன்" என்று குரல் கொடுப்பார், என் கை அடங்கியிருக்கும். பதினெட்டு நாள் இப்படியே ஓட்டினோம். நாலாவது தேர்வில் பின்னால் அப்பா இல்லை, முதல் திருப்பத்திலேயே கை பின்னால் போகப் பார்த்தது. நானே சத்தமாக "புடிச்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு திருப்பினேன். அதிகாரி மிரண்டுபோய்க் கதவோடு ஒட்டிக்கொண்டார். ஏழு திருப்பம், ஏழு தடவை சொன்னேன். கடைசியில், "சத்தம் போட்டா ஃபெயில் பண்ணணும்னு சட்டம் இல்லம்மா" என்று கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை ரொட்டி ஏற்றிக்கொண்டு நான்தான் ஓட்டினேன். ஆஸ்பத்திரிச் சமையலறை வாசலில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பக்கத்து இருக்கையில் அப்பா வாயைத் திறந்துகொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார். யார் ஓட்டினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரும் மனிதர். எனக்குப் பெருமையில் கண் நிறைந்துவிட்டது. எழுப்ப மனம் வராமல் தட்டுகளை எல்லாம் நானே இறக்கினேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்: லீவுக்கு வரும்போது டாக்ஸி பிடிக்காதே. எத்தனை மணிக்கு வந்து இறங்குவாய் என்று எழுது, நான் வண்டியோடு நிற்கிறேன்.

இப்படிக்கு,
வேன் ஓட்டும் உன் அம்மா