குப்பை கிடந்த இடம்

இன்று காலையில் முடுக்கு முனையில் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். கடல் காற்று அடித்ததால் அந்த வாசம் நேரே வீட்டுக்குள் வந்துவிட்டது. மகள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்த எழுந்தாள். "சாத்தாதே, கிடக்கட்டும்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். மற்றவர்களுக்கெல்லாம் அது ஆஸ்பத்திரி வாசம், நோய் வாசம். எனக்கு அதை மோந்தால் நெஞ்சு லேசாகிவிடுகிறது. ஏன் என்று விளக்காமலே புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நீர்தான். நீர் இப்போது இல்லை. கொழும்புக்குத் தோணி விட்ட மனிதருக்கு இது ஒரு தூரமா என்ற நினைப்பில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாற்பதுகளின் தொடக்கம் அது. உலகமெல்லாம் சண்டை நடந்துகொண்டிருந்தது. நம் ரெண்டு பேருக்குள்ளும் அதற்குக் குறையாத ஒரு சண்டை நடந்தது. கருப்பட்டிக் கடைக்காரனான நான் என் வார்டுக்குக் கவுன்சிலர். தோணிக்காரரான நீர் அடுத்த வார்டுக்குக் கவுன்சிலர். எங்கள் அம்மன் கோயில் தெருவுக்கும் உங்கள் மாதா குருசடித் தெருவுக்கும் நடுவில் அந்த முடுக்கு. எதிரும் புதிருமாக ரெண்டு பேர் வந்தால் தோள் உரசும். பாதி வழியில் ஒரு பழைய பண்டகசாலையின் சுவர் உள்வாங்கியிருந்ததால் அங்கே மட்டும் கொஞ்சம் அகலம். நம் வார்டு எல்லைக் கோடு சரியாக அந்த அகலத்தின் நடுவில் ஓடியது. குப்பையும் சரியாக அங்கேதான் கிடந்தது.

எங்கள் வார்டுக் குப்பைத் தள்ளுவண்டி முடுக்கின் இந்த முனையோடு திரும்பிவிடும், உங்கள் வண்டி அந்த முனையோடு. நடுவில் கிடந்த குப்பை யாருக்கும் சொந்தமில்லாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் ரெண்டு தெருவும் குடிக்கிற நல்ல தண்ணீர்க் கிணறு. உப்புத் தண்ணீர் ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறு என்றால் அது கோயில் மாதிரி. மழை பெய்தால் குப்பைச் சாறு வழிந்து கிணற்று மேடை வரைக்கும் வரும்.

முனிசிபல் கூட்டத்தில் நீர் செய்த காரியம் நினைவிருக்கிறதா? எழுந்து நின்று, துண்டுக்குள் பொதிந்து வைத்திருந்த ஓர் ஓலைக் கொட்டானை எடுத்துச் சேர்மன் மேஜைமேல் வைத்தீர். "இது யார் கடைக் கொட்டான்னு அண்ணாச்சி சொல்லட்டும்" என்றீர். கருப்பட்டி போட்டுக் கொடுக்க என் கடைக்கென்று முடைகிற கொட்டான்தான் அது. நானும் விடவில்லை. எழுந்து போய் அதைத் திறந்து காட்டினேன். உள்ளே அவ்வளவும் மீன் செதிலும் குடலும். "கொட்டான் என் கடை. உள்ள கெடக்கது எந்தத் தெரு மீனுன்னு அவரு சொல்லட்டும்" என்றேன். கூட்டம் சிரித்தது. சேர்மன் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு கூட்டத்தை ஒத்திவைத்தார். அதோடு நாம் பேச்சை நிறுத்தினோம். எதிரே பார்த்தால் நீர் குடையைச் சாய்த்து முகத்தை மறைப்பீர். நான் வேட்டியை மடித்துக் கட்டுகிற சாக்கில் குனிந்துகொள்வேன்.

அந்த ஐப்பசியில் வாந்திபேதி வந்தது. உங்கள் தெருவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தது. எங்கள் தெருவிலும் விழுந்தது. பிறகு என் மகளுக்கு வந்தது. இன்றைக்கு ஜன்னலைச் சாத்தப் போனவள் அப்போது மழலை மாறாத பிள்ளை. பல வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிப் பெற்ற ஒரே பிள்ளை. ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். கண் ரெண்டும் குழிக்குள் போய், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் கிடந்தாள். பிழைத்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்கதான் அந்த வார்டு கவுன்சிலராமே? கிணத்துப் பக்கத்துல குப்பையை வச்சுக்கிட்டு இங்க வந்து அழுது என்ன பிரயோஜனம்? அடுத்த மழைக்குள்ள அதை எடுங்க. மறுபடியும் இப்படி வந்தா தாங்க மாட்டா" என்றார். அந்தச் சொல் அன்றைக்கு என் தூக்கத்தைக் கெடுத்தது. பிறகு பல நாள் கெடுத்தது.

எடுக்காமல் இல்லை. சொந்தச் செலவில் வண்டி பிடித்துத் துப்புரவு ஆட்களை வைத்து அள்ளச் சொன்னேன். வாரம் திரும்புவதற்குள் பழையபடி நிறைந்துவிட்டது. அள்ளியவர்களில் ஒருத்தியான இசக்கியம்மாள் கடகத்தை என் முன்னால் கவிழ்த்து வைத்துவிட்டு, "நாங்க அள்ளுதோம், இவுக கொட்டுதாக. எங்க இடுப்பு என்ன இரும்பாலயா அடிச்சிருக்கு மொதலாளி? கொட்டுத கையப் போயிப் பிடியும்" என்று ஏசினாள். அவள் கேட்டதில் என்ன தப்பு? ஆனால் எந்தக் கையைப் பிடிப்பது? ஏசிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். "அந்தப் பக்கத்து ஆளுகள நிறுத்தச் சொல்லும், நாங்க நிறுத்துதோம்" என்றார்கள். உங்கள் தெருவிலும் உமக்கு இதே பதில்தான் கிடைத்தது என்று பிற்பாடு சொன்னீர்.

ஆடி மாதம் பிறந்தது. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டினார்கள். பூசாரியோடு உட்கார்ந்து சப்பரம் சுற்றுகிற வழியைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. சப்பரம் போகிற வழியில் ஒரு துரும்பு கிடந்தாலும் எங்கள் தெருப் பெண்கள் பொறுக்க மாட்டார்கள். கூட்டி, சாணி தெளித்து, மஞ்சள் தண்ணீர் விட்டு வைப்பார்கள். அம்மன் நடந்த மண்ணில் அப்புறம் எவளும் எச்சில் இலை போட மாட்டாள். "இந்த வருஷம் அம்மன் முடுக்கு வழியா கிணத்தடிக்குப் போய்ட்டு வரட்டும்" என்றேன். வாந்திபேதியை நினைத்தோ என்னவோ, பூசாரி மறுபேச்சுப் பேசவில்லை. உம்மிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குப்பை போன பிறகு சேர்மன் முன்னால் உம்மை ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கொடைக்கு முந்தின நாள் எங்கள் ஆட்கள் மண்வெட்டியோடு முடுக்குக்குள் இறங்கினார்கள். பார்த்தால், அந்த முனையிலிருந்து உங்கள் ஆட்களும் அள்ளிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் நடுவில் நீர், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு. குப்பை போன இடத்தில், துறைமுகத்தில் யாரையோ பிடித்து வாங்கி வந்த பிளீச்சிங் பவுடரை உம் கையாலேயே தூவினீர். எங்கள் பக்கத்தில் ஒரே சந்தோஷம். "ஏச்சுக்குப் பயந்து அள்ளுதாவ பாத்தீரா?" என்றான் என் மைத்துனன். நானும் அப்படித்தான் நம்பி மீசையைத் தடவிக்கொண்டேன். அதே நேரத்தில் அந்தப் பக்கம் நீரும் அதையே நினைத்து அதையே செய்துகொண்டிருந்தீர். உங்கள் குருசடி மாதாவின் சப்பரம் வழக்கமாகக் கடற்கரையோரமாகப் போகிறது, எங்கள் தெருப்பக்கம் அதற்கு வேலையே இல்லை. குப்பை ஒழியட்டும் என்று, என்னைப் போலவே நீரும் அதை முடுக்கு வழியாகத் திருப்பிவிடுவீர் என்று எவன் கண்டான்? அந்த வருஷம் உங்கள் மாதா திருவிழாவின் கடைசி நாளும் எங்கள் கொடை நாளான அதே செவ்வாய்க்கிழமையில் வந்து விழுந்ததை இரண்டு பக்கத்திலும் ஒருவரும் யோசிக்கவில்லை.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரம். எங்கள் அம்மன் மேளத்தோடு முடுக்குக்குள் நுழைந்தாள். மேளச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை. முன்னால் போனவன் சட்டென்று நின்றான். எதிரே பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், பேண்டு, பூவுக்குள் மாதா. சப்பரம் கிளம்பிவிட்டால் வந்த வழியே திரும்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். உங்கள் பக்கத்திலும் அதேதான். மேளம் நின்றது. பேண்டும் நின்றது.

"மொதல்ல வந்தது நாங்க. திரும்புங்க" என்றான் எங்கள் இளவட்டம் ஒருவன்.

"எங்க மாதா திரும்ப மாட்டா. உங்க சாமிய எடுத்துட்டுப் போங்கலே" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

ஒரு கை விழுந்தால் போதும். போலீஸ் வரும். முடுக்கின் ரெண்டு முனையையும் வேலி வைத்து அடைப்பார்கள். அடைத்த முடுக்குக்குள் ரெண்டு தெருவும் போட்டி போட்டுக் குப்பையைக் கொட்டும். அடுத்து ஐப்பசி மழை வரும். டாக்டரின் சொல் காதுக்குள் கேட்டது. கூட்டத்தில் என் மனைவி இடுப்பில் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தாள். பிள்ளை அந்தப் பக்கத்துப் பெட்ரோமாக்ஸைப் பார்த்துக் கை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஆட்களை விலக்கிக்கொண்டு நீர் வந்தீர். மாதக்கணக்கில் பேசாத மனிதர், நேற்று விட்ட பேச்சைத் தொடர்கிற மாதிரி கேட்டீர்:

"அண்ணாச்சி, குப்பை கெடந்த எடம் எங்கவே?"

"எந்தக் குப்பைய இப்பக் கேக்கீரு?" என்றேன்.

"நம்ம குப்பைதான்வே. அங்கன பாரும்" என்று கையைக் காட்டினீர்.

உமக்குப் பின்னால் பத்தடியில் அந்த அகலம். சுவர் உள்வாங்கிய இடம் பவுடர் வெள்ளையோடு வெறுமையாகக் கிடந்தது. அத்தனை வருஷமும் அங்கே அவ்வளவு இடம் இருந்தது என்பதே எனக்குத் தெரியாது.

நீர் திரும்பி உங்கள் ஆட்களிடம், "மாதாவ அந்த ஓரத்துல ஏத்தி நிறுத்துங்கலே. அம்மன் போகட்டும்" என்றீர்.

"நாம எதுக்கு ஒதுங்கணும்?" என்று ஒருவன் முறைத்தான்.

"ஒதுங்கலைலே. மாதா வந்தவளுக்கு வழி விடுதா. பிள்ள பெத்த தாய்க்கு அது தெரியாதா?"

பின்வாங்குவதாக இருக்கக் கூடாது என்று சப்பரத்தை முகம் திருப்பாமல் பக்கவாட்டில் நகர்த்தினீர்கள். கிணற்றில் கயிறு இறக்குகிற பதனத்தோடு அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. குப்பை கிடந்த இடத்தில் மாதா நின்றாள். எங்கள் அம்மன் அவள் முன்னால் போனாள். எங்கள் மேளக்காரர் தானாகவே கையை அடக்கி மெதுவாக வாசித்தார். எங்கள் பூசாரி மஞ்சள் தண்ணீரை வழியெல்லாம் தெளித்துக்கொண்டே வந்தவர், உங்கள் சப்பரக்காரர்கள் காலடியிலும் தெளித்துவிட்டுப் போனார். சாம்பிராணி வாசம், மல்லிகை வாசம், எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பவுடர் வாசம். ரெண்டு சப்பரமும் இடிக்காமல் கடந்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன். அப்பாடா என்று விட்ட அந்த மூச்சில் உள்ளே போன வாசம்தான் இன்று காலையில் மறுபடியும் வந்தது.

சுவரில் சாய்ந்து நின்ற என் பக்கத்தில் நீரும் வந்து சாய்ந்தீர். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டீர்.

"குப்பை மட்டும் இங்கன கெடந்திருந்தா இன்னைக்கு நம்ம ரெண்டு பேரையும் தூக்கிப் போட வேற முடுக்கு தேடணும்வே" என்றீர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தோம். சாமி ஊர்வலத்தில் ரெண்டு கவுன்சிலர்கள் சிரிப்பதைப் பார்த்து என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த இடத்தில் யாரும் ஒரு கொட்டான்கூடப் போடவில்லை. போடப் போன கையை அடுத்த வீட்டுக்காரியே பிடித்தாள். வண்டிகளையும் நீர் விடவில்லை. "ரெண்டு வண்டியும் நடுவு வரைக்கும் வரணும், மத்த வார்டு வண்டிக்காரரு வந்து நிக்காரான்னு பாத்துட்டுத்தான் திரும்பணும்" என்று கூட்டத்தில் நீர் சொல்ல, நான் வழிமொழிந்தேன். சேர்மன் நம் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஐப்பசி வந்தது. மழை கொட்டித் தீர்த்தது. ஊரில் சில இடங்களில் நோய் வந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் குடித்த யாருக்கும் வரவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடை திறப்பேன். கார்த்திகை பிறந்த அன்று தொட்டுப் பார்க்க மறந்துவிட்டு நேரே கடைக்குப் போய்விட்டேன். மறந்தது மத்தியானம்தான் தெரிந்தது. அன்றைக்கு உம் வீட்டுக்குக் கருப்பட்டி அனுப்பினேனே, எதற்கென்று கேட்டு அனுப்பினீரே, அதற்குத்தான். நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

நீர் போன அன்று உம் மகன் என் வீட்டுக்கு வந்தான். அடக்கத்துக்குக் கொண்டு போக அகலமான பெரிய தெரு இருந்தாலும், முடுக்கு வழியாகத்தான் போக வேண்டும் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார், உங்கள் தெருவில் எதுவும் நினைப்பார்களா என்று கேட்டான். "நீ போய் ஆக வேண்டியதப் பாருப்பா" என்று அனுப்பிவிட்டேன். நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் பெண்கள் முடுக்கைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள்.

வயதாகிவிட்டது. கூட்டத்தோடு நடக்க முடியவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு முடுக்குக்குள் முன்னதாகவே போய் நின்றேன். அந்த முனையில் சிலுவை தெரிந்தது. எதிரே ஆள் வந்தால் எங்கே ஒதுங்க வேண்டும் என்று என் காலுக்கே தெரியும். குப்பை கிடந்த இடத்தில் ஏறி, சுவரோடு சாய்ந்து நின்றேன். நீர் என்னைக் கடந்து போனீர்.