ராக்கேலின் அரைப்பேர்

1957 ஜூலை 8, திங்கள்

விடாத மழை. பள்ளிக்கூடத் தகரம் மூன்று இடத்தில் ஒழுகல். இரண்டாம் வகுப்பை மூலைக்குத் தள்ளிவிட்டுப் பாடம். குடைக்கம்பி ஒன்று முறிந்தது. டயகமத் தேயிலைத் தோட்டத்துக் காற்றுக்கு எந்தக் குடையும் நிற்காது.

அட்டனிலிருந்து போதகர் ஐயா ஞாயிறு வருகிறார். திருவிருந்து. முதல் முறையாகப் பந்தியில் சேரப்போகிறவர்களின் பெயரை உபதேசியார் என்ற முறையில் நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குள்:

மேசைத் துணி வெளுக்க.
பின்கதவுக் கொண்டி.
திருவிருந்துக்குப் பாண் ரொட்டி, சனிக்கிழமை, அக்கரப்பத்தனை கடையில். போன தடவை வாங்கியது கல்.
பேர்க் கொப்பிக் கணக்குக் கூட்ட.

மாலை ஜெபத்துக்குப் பதினான்கு பேர். ராக்கேல் இன்றும் இல்லை. இப்படி வராமல் இருக்கிறவள் இல்லையே. எரிச்சல்.

ஜூலை 9, செவ்வாய்

மழை சற்று விட்டது. மூடுபனி. தொழிலாளர் லயங்கள் ஒன்றுக்கொன்று தெரியவில்லை.

கொப்பியைக் கூட்டினேன். இந்தத் திருவிருந்துக்காக ஐந்து பேர் உபதேசம் படித்தார்கள். நான்கு பேருக்கு நாற்பது முழுப்பேர் நிறைந்துவிட்டது. ராக்கேலுக்கு முப்பத்தொன்றரை. இரண்டு தடவை கூட்டியும் அதே முப்பத்தொன்றரை.

இந்தக் கொப்பி எப்படி வந்தது என்று யோசனை. மூன்று வருடத்துக்கு முன் இங்கே வந்தபோது மாலை ஜெபத்துக்கு நானும் என் மனைவி ஜெயமணியும் இரண்டு கிழவர்களும்தான். பெரிய கங்காணி ஒரு வழி சொன்னார், பேர் போடாவிட்டால் இந்த ஜனம் எதற்கும் வராது என்று. மறுநாளே கோடு போட்ட கொப்பி வாங்கினேன். மலையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளம் கொடுக்கிறார்கள் அல்லவா, அதேபோல ஜெபத்துக்குப் பிந்தி வந்தால் அரைப்பேர். வராவிட்டால் பேர் இல்லை. நாற்பது நிறைந்தால்தான் பந்தி. நன்றாகவே வேலை செய்தது. மழையிலும் ஓடி வந்தார்கள்.

ஜெயமணி விளக்குத் திரியை வெட்டிக்கொண்டே கேட்டாள், "நீங்க உபதேசியாரா, கங்காணியா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு எப்போதும் கேலிதான்.

ஜூலை 11, வியாழன்

காலில் மூன்று அட்டை. அட்டைக்குப் பூசுகிற சவர்க்காரக் கட்டி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் ராக்கேலைப் பிடித்தேன். ராக்காயியாக இருந்து ஞானஸ்நானத்தில் ராக்கேல் ஆனவள். வயது நாற்பத்தைந்து இருக்கும், புருஷன் இல்லை, எழுத்துத் தெரியாது. ஜெபமெல்லாம் நான் சொல்லச் சொல்லக் காதால் படித்தது. ஏன் வருவதில்லை என்றேன். கூடையை இறக்காமலே பதில் சொன்னாள். பத்தாம் நம்பர் லயத்து மாரியாயி மலையில் சறுக்கி விழுந்து ஒரு கை ஒரு கால் விளங்காமல் கிடக்கிறாளாம். மகன் கொட்டகலைப் பக்கம் போனவன் திரும்பவில்லையாம். வேலை விட்டதும் இவள் போய்க் கழுவித் துடைத்துக் கஞ்சி கொடுப்பதற்குள் ஜெபம் முடிந்துவிடுகிறதாம்.

நல்ல காரியம்தான். ஆனால் ஒழுங்கு என்று ஒன்று உண்டே. ஜெபத்தை விட்டுவிட்டு என்ன ஊழியம் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே. கூட நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ராக்கேல் மட்டும், "தப்புதாங்க ஐயா. பேர் போட வேணாங்க," என்றாள்.

கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் சரியாகத்தானே சொன்னேன்?

ஜூலை 12, வெள்ளி

காற்று. மேசைத் துணி காயவில்லை. அடுப்புக்கு மேலே போட்டுப் புகை மணக்கிறது.

மாலை ஜெபத்தை வேதமுத்துக் கிழவரிடம் விட்டுவிட்டுப் பத்தாம் நம்பர் லயத்துக்குப் போனேன். எதற்கு? நோயாளியைப் பார்க்க என்று ஜெயமணியிடம் சொன்னேன். ராக்கேல் சொன்னது நிஜமா என்று பார்க்கத்தான் போனேன். இது எனக்கான கொப்பி, இங்கே பொய் வேண்டாம்.

மாரியாயியின் ஒற்றையறைக் காம்பராவின் கதவு பாதி திறந்திருந்தது. தாழ்வாரத்தில் நின்றேன். உள்ளே மாரியாயி பாயில். சுவரில் மாரியம்மன் படம். ராக்கேல் முதலில் படத்துக்கு முன்னால் இருந்த சின்ன விளக்கை ஏற்றினாள். திக்கென்றது. மாரியாயி ஏதோ முனகினாள். "ஒனக்குக் கை வெளங்கற வரைக்கும் நான் ஏத்துறேன், பேசாம படு," என்று ராக்கேல் சொன்னது கேட்டது.

பிறகு பாயின் பக்கத்தில் உட்கார்ந்து, மாரியாயியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே ஜெபம். நான் சொல்லிக் கொடுத்ததில் ஒரு வரி கிடையாது.

"ஆண்டவரே, இன்னிக்கி இவ ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா. நேத்து அதுவும் இல்ல. முதுகுப் புண்ணு ஆறல. என்ன செய்யட்டும்னு சொல்லுங்க. விடிஞ்சா வேலைப் பெரட்டுக்குப் போகணும், அதுக்குள்ள சொல்லிருங்க."

சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள். பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. என் கழுத்தில் மழைத்தண்ணீர் சொட்டியது. உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

விளக்கு ஏற்றியது பாவமா? பாவம் என்றுதான் நான் போதித்திருக்கிறேன். அப்படியானால் அந்த ஜெபம் என்ன? எனக்கு அப்படிப் பேச வருமா? நான் கடைசியாகப் பதிலுக்குக் காத்திருந்தது எப்போது? பொறாமை என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பொறாமைதான்.

ஜூலை 13, சனி

அக்கரப்பத்தனைக்குப் போக பஸ், வர நடை. பாண் இரண்டு. சவர்க்காரம் வாங்க மறந்தேன்.

நடக்கும்போதெல்லாம் இதே. இந்த ஜனத்தை விசுவாசத்தில் வளர்த்துவிடத்தான் என்னை அனுப்பினார்கள். ஒருத்தி வளர்ந்து நிற்கிறாள். நான் வளர்த்தேனா, என்னையும் மீறி வளர்ந்தாளா? மற்ற நான்கு பேரும் நான் கண்ணை மூடினால் மூடுகிறார்கள், திறந்தால் திறக்கிறார்கள். நான் இல்லாவிட்டால் என்ன செய்வார்கள்? அவர்கள் அப்படி இருப்பது எனக்குப் பிடித்தும் இருந்தது.

சாயந்தரம் கொப்பியைத் திறந்து பென்சிலை எடுத்தேன். அரைப்பேர்களை முழுப்பேர் ஆக்கலாமா? ஆக்கினாலும் நாற்பது வராது. அழித்து எழுதினால் போதகர் ஐயாவிடம் பொய்க் கணக்கு. கடைசியில் கொப்பியைத் தொடாமல், கொடுக்க வேண்டிய தாளில் ஐந்தாவதாக "ராக்கேல்" என்று எழுதிவிட்டேன். ஜெயமணியிடம் காட்டினேன். இதற்கா இத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தீர்கள் என்றாள்.

நிம்மதி. ராக்கேலிடம் சொல்லவில்லை. நாளைக்குப் பெயர் கேட்டதும் சந்தோஷப்படட்டும்.

ஜூலை 14, ஞாயிறு

வெயில். இந்த மாதம் முதல் வெயில்.

எப்படி எழுதுவது. வரிசையாக எழுதுகிறேன். போதகர் ஐயா பிரசங்கம் முடித்தார். தாளைப் பார்த்துப் பெயர் வாசித்தார். நான்கு பேரும் முன்னே வந்து முழங்கால் போட்டார்கள். "ராக்கேல்." யாரும் வரவில்லை. மறுபடியும், "ராக்கேல்." திரும்பிப் பார்த்தேன். கடைசிப் பாயில், வெளுத்த சேலையில், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். சபை முழுக்க எங்களைப் பார்த்தது.

மெல்லத்தான் சொன்னாள். "எனக்கு இன்னும் பேர் நெறையலைங்களே ஐயா. அரைப்பேரை வச்சிக்கிட்டு ஆண்டவர் பந்தியில உக்காரலாங்களா?"

இது என் வார்த்தை. பங்குனியிலோ சித்திரையிலோ, பிந்தி வந்த யாரையோ பார்த்து நான் சொன்னது. ஒரு எழுத்துப் பிசகாமல் வைத்திருக்கிறாள்.

அதெல்லாம் பரவாயில்லை, வா என்றேன். அசையவில்லை. மற்றவங்க நாற்பது நாள் நனைஞ்சு வந்தாங்களே, அவங்க என்ன நினைப்பாங்க என்றாள். அப்போதாவது சபைக்கு முன்னால் நின்று, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. போதகர் ஐயா மேசைக்குப் பின்னால் இருந்து, என்ன விஷயம் என்று கேட்டார்.

"இன்னும் பக்குவம் வரலைங்க ஐயா," என்றேன்.

ராக்கேலும் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். போதகர் ஐயா அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். போகும்போது என் தோளைத் தட்டி, பொறுமையாக வளர்த்துவிடுங்கள் உபதேசியாரே என்றார். நான் தலையை ஆட்டினேன். கையில் வாங்கிய பாண் துண்டை எப்போது விழுங்கினேன் என்று ஞாபகம் இல்லை.

ஜெயமணி மேசைத் துணியை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கேலி செய்திருந்தால் தேவலை.

ஜூலை 15, திங்கள்

மறுபடி மழை. பள்ளிக்கூடத்தில் ஒழுகுகிற இடம் நான்காகிவிட்டது.

மாலை ஜெபத்தில் கொப்பியைத் திறக்கவில்லை. ஜெபம் முடிந்தும் ஒருவரும் எழுந்து போகவில்லை. பேர் போடவில்லையா என்று வேதமுத்துக் கிழவர் கேட்டார். இனிமேல் பேர் இல்லை என்றேன். அப்படியானால் நாளையிலிருந்து ஜெபம் இல்லையா என்று கேட்டார்.

ஜூலை 16, செவ்வாய்

ஆறு பேர்தான் வந்தார்கள். சீக்கிரம் முடித்துவிட்டுப் பத்தாம் நம்பர் லயம். இந்தத் தடவை உள்ளே போனேன்.

மன்னிப்புக் கேட்க நினைத்துப் போனது. ராக்கேல் இடம் கொடுக்கவில்லை. மாரியாயியைப் புரட்ட ஆள் வேண்டும் என்று தோளைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். முதுகுப் புண்ணைப் பார்க்க முடியவில்லை. நாற்றம். அவள் வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே, ஜெபம் பண்ணுங்க ஐயா என்றாள். வாயைத் திறந்தேன். மூன்று வருடமாகச் சொல்லி வந்ததில் ஒன்றும் வரவில்லை. மாரியாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க நல்லா புடிச்சிக்கிங்க. நான் சொல்லிக்கிறேன்," என்றாள் ராக்கேல். சொன்னாள். நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும், ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது பொய், உங்களுக்குப் பக்குவம் இல்லை என்றது பொய் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருடத்தில் அவளை "நீங்க" என்றது இதுதான் முதல். கேட்டாளா என்று தெரியவில்லை. மழைச் சத்தம். வாளித் தண்ணீரை லயத்துக் கான் வாய்க்காலில் ஊற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க ஐயா, இன்னிக்கி எனக்கு அரைப்பேராச்சும் உண்டுங்களா?"

கேலியா, நிஜமாகவே கேட்டாளா?