உலகப் படத்தில் நம் ஊர்

சித்தூர், 1957

நைனாவுக்குத் துலுக்காணத்தின் வணக்கம். நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

நான் சமைக்கும் மிஷன் பங்களாவில் துரை உலகப் படம் மாட்டி, சுவிசேஷம் போன தேசங்களிலெல்லாம் குண்டூசி குத்தியிருக்கிறார். நேற்று, "உன் ஊர் மக்கள் பேசுவது தமிழா, தெலுங்கா?" என்று கேட்டார். அந்தப் பாஷை பேசும் பிரசங்கியாரை அனுப்பவாம். ஆந்திராவுக்கும் நமக்கும் எல்லை பிரிக்கும் நேரத்தில் இதை யார் நம்புவது? தோட்டக்கார முனிசாமியும், "தொர எல்லையத்தான் அளந்துகினு கீறாருடா" என்கிறான். தமிழ்தான் என்று சொல்லிவைத்தேன். உடனே நம் ஊருக்கும் ஓர் ஊசி குத்திவிட்டார். அவர் ஜீப் அங்கே வந்தால் மாட்டைக்கூடத் தெலுங்கில் அதட்டாதீர்கள், ஆந்திராவில் சேர்த்துவிடுவார்கள்.

யாராவது பஸ்ஸில் வந்தால் கேழ்வரகு மாவு கொடுத்தனுப்புங்கள்.

சமையல்காரன் சாப்பிட்டானா என்று இந்த ஊரில் தினமும் கேட்பவர் துரை ஒருவர்தான். அதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். இதோ, அதைக் கேட்கத்தான் கூப்பிடுகிறார்.

துலுக்காணம்