நேரசூசியில் மட்டும் இருந்த ஆசிரியர்

என் அன்பான அண்ணைக்கு,

நீங்கள் போய் இன்றோடு இருபத்தாறு நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. அன்றைக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலர் அச்சுக்குப் போக வேண்டும், எல்லோருடைய பக்கமும் வந்துவிட்டது, என்னுடையதுதான் மிச்சம் என்று அண்ணி மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டார். கடைசியில் தானே வந்தார். "ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கணிதப் பிரிவு கொண்டு வந்த அதிபர் எண்டு ஒரு பக்கம் எழுது சரசு. கூடப் பிறந்தவள் எழுதினால்தான் வடிவாய் இருக்கும்" என்றார்.

எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்தது இதுதான். இதை அண்ணி மலரில் போட மாட்டார். வேறு எங்காவது வரட்டும், படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

என் மகள் அபிராமிக்குச் சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமை உங்களுக்கு நினைவிருக்கிறதா? கணிதமும் விஞ்ஞானமும் ஏ. அவளுடைய அப்பா கொடிகாமம் சந்தையில் கத்தரிக்காய் மூட்டைகளை இறக்கிவிட்டு, அழுக்குச் சேட்டோடு நேரே ரவுணுக்குப் போய், அங்குள்ள பெரிய பள்ளிக்கூடத்தின் உயர்தர விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். நீங்கள் பின்னேரம் வந்தீர்கள். மேசையில் கிடந்த விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தீர்கள். தேத்தண்ணியைக் கூடத் தொடவில்லை.

"சரசு, அரசாங்கம் கிராமத்துப் பள்ளிக்கூடங்களை உயர்த்தப் போகுது. எங்களுக்கு ஆய்வுகூடம் வருது, கணிதப் பிரிவு வருது, படிப்பிக்கச் சேர்மார் வருகினம். இஞ்சையிருந்தே பிள்ளையள் கம்பஸ் போகலாம். அதிபரின்ரை மருமகளே ரவுணுக்குப் போனால், மற்றப் பிள்ளையளை நான் எந்த முகத்தோடை மறிக்கிறது?"

அவளுடைய அப்பா என்னைப் பார்த்தார். நான் விண்ணப்பத்தை வாங்கி, மடித்து, சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். அண்ணை சொன்னால் எனக்கு வேறு பேச்சு ஏது? அபிராமியைப் பார்த்து இன்னும் ஆறு வீட்டுப் பிள்ளைகள் ஊரிலேயே நின்றார்கள்.

ஆய்வுகூடம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. வாழை கட்டி, நிறைகுடம் வைத்து, பெரியவர்கள் வந்து நாடா வெட்டினார்கள். பல்கலைக்கழகத்துக்கான பாதை இங்கே தொடங்குகிறது என்று வாசலில் பெரிய பலகையும் போட்டார்கள். சுவருக்குப் பெயின்ற் அடிக்க ஆட்கள் மூன்று முறை வந்தார்கள். பௌதிகவியல் படிப்பிக்க ஒருவர் வந்தார், ஒரே ஒரு கிழமை.

"பயிற்சி ஒண்டுக்குப் போயிருக்கிறார், வந்திடுவார்" என்றீர்கள். பிறகு, "கேட்டு எழுதியிருக்கிறன்" என்றீர்கள். அதற்கும் பிறகு பெற்றோர் எல்லோரும் கையெழுத்து வைத்து மேலே மனுக் கொடுக்கப் போகிறோம் என்று எழும்பியபோது, "சத்தம் போட்டால் உள்ளதும் போயிடும், என்னை நம்பிப் பொறுங்கோ" என்று கும்பிட்டுக் கேட்டீர்கள். அந்தக் கூட்டத்தில் முதலில் திரும்பவும் கதிரையில் இருந்தவள் நான். என்னைப் பார்த்துத்தான் மற்றவர்களும் இருந்தார்கள்.

வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்த நேரசூசியில் மட்டும் கிழமைக்கு எட்டுப் பாடவேளைக்கு அந்தப் பௌதிகவியல் ஆசிரியருடைய பெயர் இருந்தது. அந்த நேரங்களில் ஏழு பிள்ளைகளும் நூலகத்தில் இருந்து பழைய வினாத்தாள்களைப் பார்த்து எழுதினார்கள்.

ஆய்வுகூடம் பூட்டியே கிடந்தது. கண்ணாடிச் சாமான் ஒன்று உடைந்தால் பொருட்பதிவேட்டில் நீங்கள் பதில் சொல்ல வேண்டுமாம். வெளியிலிருந்து பார்வையிட ஆட்கள் வரும் நாளில்தான் பூட்டின் திறப்பு வெளியே வரும். அன்றைக்கு அபிராமி கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு ஊசலை ஆட்டி, நிறுத்தற்கடிகாரத்தை அமத்தி, புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கணித்துக் காட்டுவாள். வந்தவர்கள் படம் எடுப்பார்கள். இரண்டு வருசத்தில் அவள் அந்த ஒரு பரிசோதனையைத்தான் செய்தாள், அதையும் விருந்தாளிகளுக்காகச் செய்தாள். அந்தப் படம் அரசாங்கத் திட்டத்தைப் பற்றிய கையேட்டின் அட்டையில் வந்தது. நீங்கள் அதைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு மண்டபத்தில் மாட்டினீர்கள். நானும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினேன்.

உயர்தரப் பரீட்சை தொடங்கிய காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, அவளுடைய நெற்றியில் நீங்களே திருநீறு பூசினீர்கள். "பயப்பிடாமல் எழுது பிள்ளை" என்றீர்கள். அவள் உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பெறுபேறு வந்தது. இணைந்த கணிதம் சி, இரசாயனவியல் எஸ், பௌதிகவியல் எஃப். ஏழு பிள்ளைகளில் ஒருவரும் பௌதிகவியலில் தேறவில்லை. நீங்கள் வந்து வாசற்படியில் நின்றபடியே, "இன்னும் கொஞ்சம் முயற்சி எடுத்திருக்கலாம் பிள்ளை" என்றீர்கள். அவள் எழும்பி அறைக்குள் போய்விட்டாள். நீங்கள் போன பிறகு நான் அவளைப் பிடித்து ஏசினேன். மாமா உனக்காக எவ்வளவு பாடுபட்டவர், அவருக்கு ஒரு பதில் சொல்லத் தெரியாதா, அவருடைய மானத்தை வாங்கிப்போட்டாயே என்று வாய்க்கு வந்தபடியெல்லாம் சொன்னேன்.

அதை நினைத்தால் இப்போது என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

மலருக்கு உங்கள் பணிக்காலத் திகதிகள் வேண்டும் என்று போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். புதிதாக வந்திருக்கிற அதிபர் அம்மா நல்லவர். நாளாந்தம் நடப்பதை அதிபர்மார் கைப்பட எழுதி வைக்கும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு பக்கத்தில் கடதாசித் துண்டு செருகியிருந்தது. "திகதியள் எல்லாம் இதிலை இருக்கு அக்கா. இந்தப் பக்கத்தையும் பாருங்கோ. நான் சொல்லி நீங்கள் கேக்கிறதிலும் பார்க்க, நீங்களே வாசிக்கிறது நல்லம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

உங்கள் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? முத்து முத்தாக எழுதியிருந்தீர்கள். பௌதிகவியல் ஆசிரியரை ரவுண் பள்ளிக்கூடத்துக்குத் தற்காலிக இணைப்பில் விடுவிக்கும்படி மேலிருந்து கேட்டார்கள். திட்டம் நிறைவேறியது என்று ஏற்கெனவே அறிக்கை போய்விட்டதால், ஆசிரியர் வெற்றிடம் என்று காட்டினால் பிரிவையே மூட நேரும் என்றும் சொன்னார்கள். 'பிரிவைக் காப்பாற்றும் பொருட்டு எனது சம்மதத்தை வழங்கினேன்.' கீழே ஒப்பம்.

அதற்குப் பிறகு மாதாமாதம் போன அறிக்கைகளின் பிரதிகளும் அலுமாரியில் இருந்தன. ஒவ்வொன்றிலும் பௌதிகவியல் ஆசிரியர் கடமையில் இருக்கிறார். ஒவ்வொன்றிலும் உங்கள் ஒப்பம். ஆசிரியர் வேண்டும் என்று நீங்கள் கேட்டு எழுதிய கடிதம் ஒன்றையும் நான் காணவில்லை. கேட்டிருந்தாலும் யார் தருவார்கள்? இருக்கிற ஆளை இல்லை என்று எப்படிக் கேட்பது?

அரசாங்கம் ஏய்த்தது எனக்குப் பெரிதாய்ப் படவில்லை, அண்ணை. பலகை நடுகிறவர்கள் பலகைதான் நடுவார்கள். அவர்களுக்கு அபிராமி யார்? உங்களுக்கு அவள் யார்? திருநீறு பூசிய கைதானே அந்த ஒப்பத்தையும் வைத்தது? பிரிவைக் காப்பாற்றினீர்கள். பிரிவு என்றால் என்ன, அந்த ஏழு பிள்ளைகள் இல்லையா?

அவள் இரண்டாம் முறை எழுதுவதற்காக இப்போது விடியற்காலைப் பஸ்ஸில் ரவுணுக்கு ரியூசனுக்குப் போகிறாள். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வந்து சப்பாத்தைக் கழற்றும் வரைக்கும் கூட என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆறுதலாகச் சப்பாத்தைக் கழற்றி ஓரமாய் வைத்தாள்.

"எனக்குத் தெரியும் அம்மா. சோதினைக்கு முன்னம் ரவுணிலை ஒரு கருத்தரங்குக்குப் போனனான் எல்லோ, அங்கை அந்தப் பௌதிக சேர்தான் படிப்பிச்சவர். நல்லாய்ப் படிப்பிச்சவர். எங்கடை பள்ளிக்கூடப் பேரைச் சொன்னன். 'என்ரை பேர் இன்னும் அங்கைதான் இருக்கு, உங்கடை அதிபர் தங்கமான மனுசன், மறுப்பில்லாமல் விட்டவர்' எண்டு சொல்லிச் சிரிச்சவர்."

"ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் என்னை நம்பியிருப்பீங்களோ?"

பரீட்சைக் காலையில் நெற்றியைக் காட்டிக்கொண்டு உங்கள் முன்னால் நின்றபோதே அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் உங்கள் காலையும் தொட்டாள், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்பதற்காக.

அண்ணை, எனக்கு உங்களில் இன்னும் பாசம் இருக்கிறது. அதுதான் பெரிய கரைச்சல். தெரு முனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இப்போதும் தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைக்கப் போகிறேன்.

வருகிற திங்கட்கிழமை புதிய உயர்தர வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். நேரசூசியில் அந்த ஆசிரியருடைய பெயர் இன்னும் இருக்கிறது. பெற்றோர் என்னிடம்தான் வந்து கேட்பார்கள், "உங்கடை அண்ணை தொடங்கின பிரிவு, பிள்ளையை விடலாமோ?" என்று. நேற்றே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நான் அந்தப் பக்கத்தில் நீங்கள் எழுதியிருந்ததை அவர்களுக்கு ஒரு சொல் விடாமல் சொல்வேன். ஆசிரியர் கேட்டு மேலே கொடுக்கும் மனுவில் முதல் கையெழுத்தும் என்னுடையதாக இருக்கும். இந்த முறை யார் கும்பிட்டுக் கேட்டாலும் கதிரையில் இருக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

அபிராமி திரும்பவும் பரீட்சைக்குப் போகும் காலையில் உங்கள் படத்துக்கு விளக்கு வைப்பேன், பூவும் வைப்பேன். வந்து கும்பிடு என்று அவளை மட்டும் கூப்பிட மாட்டேன்.

இப்படிக்கு,
முதலில் அபிராமியின் அம்மா,
அதற்குப் பிறகு உங்கள் தங்கச்சி,
சரசு