நிற்க வைத்த சிலை

29 ஜூன் 2025, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. பதுளையிலேயே இப்படி என்றால் ஹப்புத்தளையில் கேட்கவே வேண்டாம்.

பூசையில் வாசகம் வாசித்த பிள்ளை மூன்று இடத்தில் பிழை விட்டாள். வெளியே கூப்பிட்டுத் திருத்தினேன். முகம் சுருங்கிவிட்டது. கொன்வென்ட்டில் எங்களையும் அப்படித்தான் திருத்தினார்கள்.

ஃபாதர் ஒரு வேலை தந்தார். அன்னம்மாள் திருநாளுக்குச் சிலை இந்த வருடமும் பெரகலைக்குக் கீழே உள்ள தேயிலைத் தோட்டத்து ஆலயத்துக்குப் போகவேண்டும். கராஜ் வைத்திருக்கும் பஸீல் தன் பிக்கப்பில் ட்ரெய்லரை இழுத்துப் போகச் சம்மதித்துவிட்டாராம். "வழக்கம் தெரிஞ்சவங்க நீங்கதான் டீச்சர். ஒருக்கா போய்ப் பாருங்க."

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

30 ஜூன்

வருகிற ஜூலை இருபத்தைந்தோடு என் புருஷன் இறந்து ஒரு வருடம். அன்றும் இதே ட்ரெய்லர்தான், இதே சிலைதான். ஓட்டியவன் எங்கள் ஒரே மகன் றுஷாந்தன். பக்கத்து ஆசனத்தில் அவர். நான் பின்னால் பஸ்ஸில், பாடற்குழுப் பிள்ளைகளோடு.

ஹப்புத்தளையைத் தாண்டிய ஒரு வளைவில் பக்கத்திலிருந்து காற்று அடித்தது. ட்ரெய்லர் இடமும் வலமுமாக ஆடியது. அந்த ஆட்டம் பெரிதாகிப் பெரிதாகி, கடைசியில் பிக்கப்பையும் இழுத்துக்கொண்டு ரோட்டோரக் கான் பள்ளத்துக்குள் சரிந்தது. அவர் இருந்த பக்கமாக. சிலைக்கு ஒரு விரல்தான் போனது.

"வேகமாக ஓட்டினான்" என்று சவப்பெட்டிக்கு முன்னால் நின்று சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். அவனும் கேட்டான். முப்பதாம் நாள் பூசை முடிந்து லுணுகலைக்குப் போனவன் இந்த வீட்டுக்குத் திரும்ப வரவில்லை.

2 ஜூலை, புதன்

பஸீலின் கராஜுக்குப் போனேன். ட்ரெய்லரைக் கழற்றி நிறுத்தியிருந்தார். அதன் பின்பக்கத்தில் இரண்டு சீமெந்து மூட்டை.

"டீச்சர், முன்னுக்கு இந்தக் கொக்கி இருக்கே, இதை ஒருக்கா தூக்கிப் பாருங்க."

"எனக்கு எழுபத்து மூன்று வயது."

"அதனாலதான் செல்றேன். தூக்குங்க." "சொல்" என்பது அவர் வாயில் எப்போதும் "செல்"தான்.

ஒரு கையால் தூக்கிவிட்டேன். அவர் மூட்டைகளை டயர்ச் சில்லுக்கு முன்னால் இழுத்துப் போட்டார். இப்போது இரண்டு கையாலும் அசையவில்லை.

"பாரம் பின்னால இருந்தா மூக்கு லேசாயிடும். மூக்கு லேசாயிட்டா வண்டிக்குப் பிடிமானம் இல்ல. காத்து ஒரு தட்டுத் தட்டினா வால் ஆடும். ஆடத் தொடங்கினா எந்த ட்ரைவராலயும் நிப்பாட்ட ஏலாது டீச்சர். சும்மா வேகம் வேகம்னு செல்லுவாங்க." துணியில் கை துடைத்தார். "போன வருஷம் சிலையை எங்க வச்சீங்க?"

"பின்பக்கம். பின்னால் வருகிறவர்களுக்கு முகம் தெரிய."

"நிக்க வச்சா?"

"நிற்க வைத்துத்தான்."

"ஆறடி! காத்துக்குப் பாய் கட்டிக் குடுத்த மாதிரி. எந்தப் புத்திசாலி சென்ன?"

தெரியாது என்றேன்.

3 ஜூலை

தெரியும்.

போன வருடம் அன்று காலை றுஷாந்தன் கோயில் முற்றத்தில் கயிற்றோடு நின்றான். "மம்மி, படுக்க வச்சு முன்னுக்குத் தள்ளிக் கட்டுவோம். மேல காத்து எடுக்கும்."

"அன்னம்மாளைப் பிணம் மாதிரியா கொண்டுபோகப் போகிறாய்? தோட்டத்து லயத்துச் சனம் ரோட்டோரம் பூவோடு நிற்கும். முகம் தெரிய வேண்டாமா?"

அவன் அப்பாவைப் பார்த்தான். அவர் சிரித்தார். "உங்கம்மா சொன்னா சொன்னதுதான். கட்டுடா."

கட்டினான். முடிச்சுக்களைக்கூட நான் சரிபார்த்தேன். இரண்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொன்னேன்.

இதை ஒரு வருடமாக நான் மறந்திருக்கவில்லை. நினைக்காமல் இருந்தேன். அது வேறு.

6 ஜூலை, ஞாயிறு

திருநாள் கூட்டம். பஸீல் சொல்லியனுப்பியதை ஃபாதர் சொன்னார்: சிலையைப் படுக்க வைக்கவேண்டும்.

தோட்டத்திலிருந்து செபஸ்தியம்மா வந்திருந்தாள். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவள், குரல் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். ஃபாதரிடம் சொன்னாள்: "எங்க ஆத்தாவ சவம் மாதிரி போட்டுக் கொண்டாந்தா மாலைய எங்கிட்டு சாமி போடுறது? மொகத்தப் பாக்கத்தானே வேலைக்குப் போகாம நிக்கிறோம். போன வருசம் டீச்சர் மகன் பறந்தான், உருண்டுச்சு. அதுக்கு அன்னம்மா என்ன செய்யும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பாவம் என்கிற முகத்தோடு. நிற்க வைத்துக் கொண்டுபோவது என்று முடிவானது. நான் குறிப்பெழுதினேன். எழுத்து எப்போதும் போல அழகாகவே இருந்தது.

8 ஜூலை

பஸீலுக்கு மூன்று பிள்ளைகள்.

13 ஜூலை, ஞாயிறு

பூசை முடிந்ததும் எழுந்து நின்றேன். ஃபாதரிடம் அனுமதி கேட்கவில்லை. ஐந்து வசனம் எழுதி வைத்திருந்தேன், தாளைப் பார்க்கவில்லை.

சிலையைப் பின்னால் நிற்க வைக்கச் சொன்னது நான். மகன் வேண்டாம் என்றான். நான் கேட்கவில்லை. என் புருஷன் செத்தது அதனால். இந்த முறை படுக்க வைத்துக் கொண்டுபோங்க. இவ்வளவுதான்.

நான் திருத்திய அந்த வாசகப் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செபஸ்தியம்மா, "அப்ப அந்தப் புள்ளைய இத்தன நாளா நாம..." என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "சரி சாமி. படுக்கவே வச்சுக் கொண்டாங்க. தோட்டத்துக் கேட்டுல எறக்கி நாங்க தோள்ல தூக்கிக்கிறோம். எங்களுக்குத் தோளா இல்ல?"

வாசலில் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

15 ஜூலை, செவ்வாய்

லுணுகலைக்கு பஸ்ஸில் போனேன். மருமகள் சஜீவனி கதிரையைத் துடைத்துப் போட்டாள். றுஷாந்தன் மெலிந்திருக்கிறான். கடை ஒன்றில் வேலை. ஸ்டியரிங்கைத் தொடுவதே இல்லையாம்.

சொன்னேன். பெட்டிக்கு முன்னால் நான் சொன்னது பொய் என்று. கோயிலில் சொன்னதையும் சொன்னேன்.

"ஊருக்குச் சொல்லிட்டு எனக்குச் சொல்ல வந்தீங்களா மம்மி?"

அதைக்கூட முறை தவறிச் செய்திருக்கிறேன். முதலில் இங்கேதான் வந்திருக்கவேண்டும்.

"எனக்குத் தெரியாததையா சொல்றீங்க? கயிறு கட்டுனது நான். முடியாதுன்னு நான் சொல்லிருக்கணும். சொல்லல. முப்பத்தெட்டு வயசு எனக்கு."

"நீ ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

"அப்பாவையும் பறிகுடுத்துட்டு... உங்களையும் சனத்துக்கிட்ட குடுக்கச் சொல்றீங்களா?"

கடைக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டான். சஜீவனி பஸ் வரை வந்தாள்.

19 ஜூலை

கராஜ். ட்ரெய்லர் மட்டமாக நிற்கும்படி பஸீல் கொக்கியைத் தாழ இறக்கியிருக்கிறார். ஆட்டத்தை அமுக்க ஒரு இரும்புச் சட்டம், புது டயர், அளவாகக் காற்று. "இருந்தாலும் காத்து கூடினா ஓரங்கட்டி நிப்பேன் டீச்சர். எத்தனை மணி ஆனாலும் சரி."

"அன்றைக்குக் கேட்டீர்களே, எந்தப் புத்திசாலி என்று. நான்தான்."

நிமிர்ந்து பார்த்தார். "இந்த நட்டைக் கொஞ்சம் புடிங்க" என்றார். பிடித்தேன்.

25 ஜூலை, வெள்ளி

சிலை நேற்றே போய்ச் சேர்ந்தது. ஹப்புத்தளையில் பஸீல் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தாராம்.

இன்று என் புருஷனுடைய ஆண்டுப் பூசையை அந்த ஆலயத்திலேயே வைத்தார் ஃபாதர். றுஷாந்தன் கடைசி வரிசையில் நின்றான். முடிந்ததும் செபஸ்தியம்மா அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்லி அழுதாள். நான் தள்ளியே நின்றேன்.

பெரகலையில் ஒரே பஸ்ஸில் ஏறினோம். எனக்குப் பின் ஆசனத்தில் அவன் உட்கார்ந்தான். அந்த வளைவில் பஸ்ஸைக் காற்று உலுக்கியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மூச்சு மட்டும் கேட்டது.

பதுளையில் லுணுகலை பஸ் புறப்படத் தயாராக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே, "அடுத்ததுல போறேன். சோறு இருக்கா?" என்றான்.

ஆக்கினேன். பருப்பு, ஒரு முட்டை. இருவரும் சமையலறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். இரண்டு கவளம் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"பருப்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். என் பிழை."

"பரவாயில்ல மம்மி" என்றான். தலை நிமிரவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போனான்.